ஆமைத் தொட்டியும் அதன் நீர் வடிகட்டியும்

தருமபுரி ஜில்லாவில் நீரின் அருமையை அறியாத குடியானவர் எவரும் இலர். கோடையில் கிணற்றின் அடிமட்டத்தைப் பார்த்துப் பயிரின் பரப்பைக் குறைத்துக் கொள்ளும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு. இத்தகைய வீடுகளிலுங்கூட, பட்டணத்துக் கடைகளிலிருந்து பிள்ளைகள் ஆசையோடு வாங்கி வரும் ஆமைக் குஞ்சு ஒன்று கண்ணாடித் தொட்டியிலோ பிளாஸ்டிக் தாம்பாளத்திலோ நீந்துவதை இப்போது காணலாம். வாங்கும்போது அது ஒரு பெரிய நாணயத்தின் அளவே இருக்கும். சில வாரங்களில் நீர் நாற்றமெடுக்கும். நாள்தோறும் நீரை மாற்றிச் சலித்துப்போன வீட்டார் அதைக் கிணற்றிலோ ஏரியிலோ விட்டுவிடுவர். அல்லது அது கண் வீங்கி, இரை எடாமல் இறந்து போகும். இவ்விரண்டும் தவிர்க்கத்தக்கவை. அதற்கு வேண்டியது நல்லதொரு வடிகட்டியும், அது செய்யும் வேலையைப் பற்றிய சரியான அறிவுமேயாகும்.

எந்த ஆமையை வளர்க்கலாகாது

வடிகட்டியைப் பற்றிப் பேசுமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் அவசியம். வயல் வரப்பிலும் வாய்க்காலிலும் ஏரியிலும் அகப்படும் நம் நாட்டு ஆமைகளைப் பிடித்து வீட்டில் வைத்துக் கொள்ளலாகாது. நட்சத்திர ஆமையும், பின்கால்களை மூடிக்கொள்ளும் மடல்களையுடைய மென்மையான ஓட்டு ஆமையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தவை. இவற்றை வைத்திருப்போருக்குச் சிறைத் தண்டனை உண்டு. கிணற்று நீரைச் சுத்தம் செய்யும் என்று எண்ணி ஆமையைக் கிணற்றில் விடும் வழக்கம் சில ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. ஆமை பூச்சிகளையும் செத்த பிராணிகளையும் தின்னுமேயன்றி, அதன் கழிவு அக்கிணற்றிலேயே தங்குவதால் நீர் சுத்தமாவதில்லை.

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது, கண்ணுக்குப் பின்னால் சிவந்த பட்டையையுடைய அமெரிக்க நாட்டுச் செங்காது ஆமையாகும். அதன் தாயகம் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. நாணயத்தளவு குஞ்சாக வருவது, பெண்ணானால் 25 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும்; நன்கு பேணினால் 20, 30 ஆண்டுகள் உயிர் வாழும். ஒரு ஜோடி உழவு மாட்டின் ஆயுளைவிட நீண்ட பொறுப்பு இது என்பதை வாங்குமுன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பே வாங்கிவிட்டவர்களுக்காகவே இனி வருவன கூறப்படுகின்றன.

நீர் கெடும் விதம்

ஆமை நீரிலேயே உண்டு, நீரிலேயே கழிக்கும் பிராணி. இரையைக் கிழித்துச் சிதறவிட்டு உண்பது அதன் இயல்பு. ஆகையால் ஒத்த பருமனுள்ள மீனைக் காட்டிலும் அது நீரை மிகுதியாக அசுத்தப்படுத்தும். நீரில் மிதக்கும் தூசியும் சக்கையும் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் கேடு விளைவிப்பது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவாகும். கழிவும் மிஞ்சிய இரையும் அழுகுவதால் உண்டாகும் இவ்வம்மோனியா நீரில் கரைந்து, ஆமையின் கண்களையும் தோலையும் உறுத்தி நோய்க்கு இடங்கொடுக்கும்.

இந்த அம்மோனியா குடியானவருக்குப் புதிய பொருளன்று. வயலில் இட்ட தொழுவுரமும் யூரியாவும் முதலில் அம்மோனியாவாகவே மாறுகின்றன. பின்னர் மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டையே பயிர் பெரும்பாலும் வேரால் உறிஞ்சுகிறது. இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து அறிந்தவர் ருஷ்ய நாட்டு அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, ஆண்டு 1890. ஆமைத் தொட்டியில் நடைபெற வேண்டியதும் இதே மாற்றமே. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மிகச் சிறிய அளவிலேயே தீங்கு தருவன. நைட்ரேட்டோ பெருமளவு சேர்ந்தாலன்றிக் கெடுதல் செய்யாது. ஆகவே நல்ல வடிகட்டி என்பது வெறுஞ் சல்லடையன்று. நீருக்குள் அமைந்த ஒரு சிறு வயல் என்றே கொள்ள வேண்டும்.

சொட்டு நீர் வடிகட்டி ஏன் போதாது

தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் குடியானவர்களுக்கு வடிகட்டி பழக்கமான சாதனம். 2004-05-ஆம் ஆண்டு முதல் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இவ்விரு ஜில்லாக்களிலும் 400 ஹெக்டேரில் நடத்திய துல்லியப் பண்ணைத் திட்டத்தின் வாயிலாகச் சொட்டு நீர்ப் பாசனம் இங்கு வேரூன்றியது. மணல் வடிகட்டி, வலை வடிகட்டி, தட்டு வடிகட்டி என்பவற்றைக் கழற்றிக் கழுவி மாட்டப் பிள்ளைகளும் அறிவர். இதனால் பழைய வலை வடிகட்டி ஒன்றை ஆமைத் தொட்டியில் பொருத்திவிட்டால் போதுமென்ற எண்ணம் எழுவது இயற்கையே.

ஆனால் சொட்டு நீர் வடிகட்டியின் நோக்கம் வேறு. சொட்டுவான்களின் நுண் துளைகளை அடைக்கக்கூடிய மணலையும் பாசியையும் தடுப்பதே அதன் வேலை. நீரில் கரைந்த உப்பும் உரமும் அதனூடே தடையின்றிச் செல்லும். செல்ல வேண்டும் என்பதாலேயே அதன் வழியாக உரத்தையும் பாய்ச்சுகிறோம். அம்மோனியாவும் அவ்வாறே சென்றுவிடும். வலை வடிகட்டி பொருத்திய தொட்டியில் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்க, ஆமை மட்டும் நோயுறுவதன் காரணம் இதுவே. தெளிந்த நீர் வேறு, நல்ல நீர் வேறு.

வடிகட்டியின் வகைகள்

கடைகளில் கிடைப்பவற்றுள் நான்கு வகைகள் முக்கியமானவை.

முதலாவது, தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருக்கும் பஞ்சு வடிகட்டி. விலை குறைவு, குஞ்சுப் பருவத்திற்கு உதவும். ஆமை வளர்ந்தபின் அதன் பஞ்சு ஓரிரு நாட்களில் அடைந்துவிடும். ஆமை அதைக் கடித்துக் கிழிப்பதும் உண்டு.

இரண்டாவது, தொட்டியின் விளிம்பில் தொங்கும் வடிகட்டி. இது விளிம்பு வரை நீர் நிறைந்த மீன் தொட்டிக்கு ஏற்றது. ஆமை ஏறித் தப்பாதபடி நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கும் தொட்டியில் இது சரிவர நீரை இழுக்காது.

மூன்றாவது, தரையில் பரப்பிய கூழாங்கல்லின் வழியாக நீரை இழுக்கும் அடித்தள வடிகட்டி. ஆமை கல்லைக் கிளறும். கழிவோ கல்லிடுக்கில் சேர்ந்து அழுகும். ஆகையால் இது ஆமைக்கு முற்றிலும் ஏற்றதன்று.

நான்காவது, தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய உருளை வடிகட்டி. பஞ்சும், நுண்ணுயிர் குடியேறும் துளைக் கற்களும் இதில் அடுக்கடுக்காக இருக்கும். கடையில் வாங்குவதானால் இதுவே சிலாக்கியமானது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீருக்கென்று குறிக்கப்பட்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் அட்டைப் பெட்டியில் காணும் கணக்கு மீனை எண்ணிப் போட்டது.

தொட்டியின் அளவும் நீரோட்டமும்

ஓட்டின் நீளம் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 15 லிட்டர் நீர் என்பது ஆமை வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 20 சென்டிமீட்டர் ஆமைக்கு 300 லிட்டர் வேண்டும். கண்ணாடியில் இவ்வளவு பெரிய தொட்டி செலவு மிக்கது. வீட்டு முற்றத்தில் அரை நிழலில் கட்டிய சிமெண்டுத் தொட்டியே குடியானவருக்கு ஏற்றது. புதிய சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்குமாதலால், இரண்டு மூன்று வாரங்கள் நீரை நிரப்பி நிரப்பி வடித்த பின்னரே ஆமையை விட வேண்டும். ஆமை ஏறி வெயில் காய்வதற்கு நீருக்கு மேல் ஒரு திட்டு இருத்தல் இன்றியமையாதது.

வடிகட்டியின் வழியே தொட்டி நீர் முழுவதும் மணிக்கு மூன்று நான்கு முறை சென்று வருமாறு அமைப்பது நலம். பம்ப்பின் மேல் அச்சிட்ட அளவை அப்படியே நம்பக்கூடாது. நீரை உயரத் தூக்கும்போதும் குழாய் அடைபடும்போதும் அது குறையும். வாய்க்கால் நீரை அளந்து பழகியவர்களுக்கு இதைச் சோதிப்பது எளிது. வடிகட்டியிலிருந்து திரும்பி வரும் நீரை 15 லிட்டர் வாளியில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 45 விநாடியில் வாளி நிறைந்தால் மணிக்கு 1,200 லிட்டர் என்று கணக்கு. 300 லிட்டர் தொட்டிக்கு இது நான்கு மடங்கு. மாதம் ஒருமுறை இவ்வாறு அளந்து குறித்து வைத்தால் வடிகட்டி அடைபடுவது முன்கூட்டியே தெரியும்.

பீப்பாய் வடிகட்டி அமைக்கும் முறை

உருளை வடிகட்டி வாங்க இயலாதவர்கள் 60 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயைக் கொண்டு அதனினும் நன்கு வேலை செய்யும் வடிகட்டியைத் தாமே அமைத்துக் கொள்ளலாம். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் உபயோகிக்கக் கூடாது. உணவுப் பொருள் இருந்த பீப்பாயே ஏற்றது.

1. தொட்டியின் அருகில், அதன் நீர்மட்டத்தைவிட உயரமான மேடையில் பீப்பாயை நிறுத்த வேண்டும். நீர் நிறைந்தால் 60 கிலோவுக்கு மேல் எடையாகுமாதலால் மேடை கல்லாலோ செங்கல்லாலோ கட்டியதாயிருத்தல் வேண்டும்.

2. பீப்பாயின் அடியில் வண்டலைத் திறந்துவிட ஒரு வால்வும், மேற்பகுதியில் நீர் வழிந்து தொட்டிக்குத் திரும்ப ஒரு குழாயும் பொருத்த வேண்டும். உள்ளே வரும் குழாய் 20 மில்லிமீட்டரானால் வெளிச் செல்லும் குழாய் 50 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லையேல் பீப்பாய் வழிந்து தொட்டி வற்றும்.

3. தொட்டியிலுள்ள மூழ்கு பம்ப்பை ஆமையின் கால் நகம் புகாத வலைக்கூண்டிற்குள் வைத்து, அதன் குழாயைப் பீப்பாயின் விளிம்பிற்கு மேலாகக் கொண்டுவந்து உள்ளே அடிவரை இறக்க வேண்டும். நீர்மட்டத்திற்கு மேலுள்ள குழாய்ப் பகுதியில், பீப்பாயின் உட்புறமாக, ஆணி நுழையும் அளவு ஒரு துளையிட வேண்டும். மின்சாரம் நின்றால் பீப்பாயின் அழுக்கு நீர் குழாய் வழியே பின்னோக்கித் தொட்டிக்கு இறங்காமல், இத்துளை காற்றை உள்ளே விட்டு அதைத் தடுக்கும். இச்சிறு துளையை மறந்தவர்கள் முதல் மின்தடையிலேயே அதன் அவசியத்தை உணர்வர்.

4. பீப்பாயின் அடியில் ஒரு சாண் இடத்தை வண்டல் தங்குவதற்காக வெறுமையாக விட்டு, அதன் மேல் துளையிட்ட தட்டொன்றைக் கால்களின் மீது நிறுத்த வேண்டும். தட்டின் மேல் முதலில் நைலான் வலையைச் சுருட்டிப் பரப்பி, அடுத்து ஒரு படலம் பஞ்சு, அதற்கும் மேல் நன்கு வெந்த செங்கல்லை நெல்லிக்காய் அளவில் உடைத்துக் கழுவிய ஜல்லி என்ற முறையில் நிரப்ப வேண்டும். செங்கல்லின் நுண்துளைகளே நுண்ணுயிர்களின் குடியிருப்பு. சிமெண்டுப் பூச்சு ஒட்டிய செங்கல் ஆகாது. மெல்லிய மணல் விரைவில் இறுகி அடைந்துவிடுமாதலால் அதுவும் வேண்டியதில்லை.

நீர் கீழிருந்து மேலாக ஏறி, வண்டலை அடியிலே விட்டு, ஜல்லியினூடே சென்று வழியும். வழியும் நீர் சற்று உயரத்திலிருந்து தொட்டியில் விழுமாறு செய்தால் காற்றும் கலக்கும். தேங்காய்ச் சிரட்டையால் செய்த ஊக்கிய கரி நிறத்தையும் நாற்றத்தையும் போக்கும், அம்மோனியாவைப் போக்காது, சில வாரங்களில் சக்தியையும் இழக்கும். ஆகவே அது கட்டாயமன்று. அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது.

40 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செல்லும். இது வீட்டு இணைப்பிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். விவசாயத்திற்கென்று சர்க்கார் அளிக்கும் இலவச இணைப்பிலிருந்து எடுத்தல் தகாது. கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருத்தல் வேண்டும். தொட்டியில் கை வைக்குமுன் பம்ப்பின் இணைப்பைக் கழற்றிவிடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கற்பிக்க வேண்டும்.

வடிகட்டி பக்குவப்படும் காலம்

புதிய வடிகட்டி முதல் நாளே வேலை செய்யாது. நுண்ணுயிர்கள் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிதாகத் திருத்திய நிலம் முதற் போகத்திலேயே முழு விளைச்சல் தராததுபோலவே இதுவும். நன்றாக நடந்து வரும் மற்றொரு தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஜல்லியை எடுத்துப் போட்டால், பாலுக்கு உறை ஊற்றியதுபோல் அது விரைவில் பக்குவமடையும். அதுவரை இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, இரையையும் குறைக்க வேண்டும்.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் அளக்கும் சொட்டு மருந்துப் பெட்டிகள் மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் காணுமானால் வடிகட்டி பக்குவமாயிற்று என்று கொள்ளலாம். லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் ஏறாதவாறு, அதன் பின்னர் வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றி வந்தால் போதும்.

இந்த ஜில்லாவின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. இதில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள காரத்தன்மையைச் செலவிடுமாதலால், கடின நீரில் அவ்வேலை தடையின்றி நடைபெறும். ஆனால் காரம் மிகுந்த நீரில் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் மிகும். ஆகையால் பக்குவப்படும் காலத்தில் இங்குள்ளவர்கள் கூடுதலான எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். 2013-இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றின் குழாய் நீரில் குளோரின் சேர்ந்திருக்கும். அது நுண்ணுயிர்களைக் கொல்லுமாதலால், ஒரு நாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை அடி வால்வைத் திறந்து வண்டலை வெளியேற்ற வேண்டும். வலையும் பஞ்சும் அடைபட்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிவிட வேண்டும். ஜல்லியை அடிக்கடி கழுவலாகாது. கழுவ நேர்ந்தால் ஒரு முறைக்குப் பாதியையே கழுவ வேண்டும். சோப்பும் வெளுப்புத் தூளும் பட்டால் பல வாரங்களின் உழைப்பு ஒரு நாழிகையில் அழியும். வடிகட்டியைப் பளபளவென்று தேய்த்துக் கழுவிய மறுவாரமே ஆமை நோயுறுவது இதனாலேயே.

நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு தேவை. மின்சாரம் பல மணி நேரம் நின்றால் மூடிய உருளை வடிகட்டிக்குள் அவை மடிந்து நீர் நாறும். அந்நீரைக் கொட்டிவிட்டுப் பின்னரே ஓட்ட வேண்டும். திறந்த பீப்பாயில் இத்தொல்லை குறைவு. ஆமைக்கு வேறொரு தாம்பாளத்தில் இரை கொடுத்து, உண்டபின் தொட்டிக்கு மாற்றும் வீடுகளில் வடிகட்டியின் வேலை பெரிதும் குறையும்.

கழிவு நீரும் சுகாதாரமும்

தொட்டியிலிருந்து எடுத்த நீர் வீணன்று. நைட்ரேட் நிறைந்த அதைத் தென்னை, வாழை, பூஞ்செடிகளின் அடியில் ஊற்றலாம். பச்சையாக உண்ணும் கீரை, கொத்துமல்லி, வெள்ளரி ஆகியவற்றிற்கு ஊற்றக் கூடாது. கிணற்றின் அருகிலும் கொட்டக் கூடாது. ஆரோக்கியமாகத் தோன்றும் ஆமையும் சால்மனெல்லா என்னும் நோய்க்கிருமியைத் தாங்கியிருக்கும். குழந்தைகள் குஞ்சுகளை வாயில் வைத்து நோயுற்றமையால், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஓட்டுடைய ஆமைகளை விற்பதை அமெரிக்க சர்க்கார் 1975-இல் தடை செய்தனர். ஆமையைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். சமையல் பாத்திரங்கள் கழுவும் இடத்தில் வடிகட்டியைக் கழுவலாகாது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள்ள வீட்டில் ஆமை வளர்க்காதிருப்பதே மேல்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

செங்காது ஆமை, உலகில் மிகுந்த கேடு விளைவிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே அதன் இறக்குமதியைத் தடுத்தது. ஏரியில் விடப்பட்டால் அது நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடங்களையும் பறித்துக் கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும். இந்த ஜில்லாவின் எல்லையாக ஓடும் காவிரியில் லீத் மென்னோட்டு ஆமை வாழ்கிறது. அது அழியும் நிலையின் விளிம்பிலுள்ள இனம். அதன் வாழிடம் உட்பட, தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சின்னாறு முதலிய ஓடைகள் காவிரியையே சேர்வதால், உள்ளூர் ஏரியில் விட்ட அந்நிய ஆமை ஒரு பெருமழையில் அங்கு போய்ச் சேரக்கூடும்.

ஆகவே வளர்க்க இயலாத ஆமையை எந்த நீர்நிலையிலும் விடலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் ஊர்க் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் எடுத்துரைக்க வேண்டும். வைத்திருக்க முடியாதவர் வாங்கிய கடையிலோ, வளர்க்கத் தக்க வசதியுள்ள மற்றொருவரிடமோ ஒப்படைக்கலாம். நம் நாட்டு ஆமை கிணற்றிலோ வலையிலோ அகப்பட்டால் வன இலாகாவினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆமையைக் கைவிடுவோரிற் பெரும்பாலோர் இரக்கமற்றவர்கள் அல்லர்; நாறும் நீரோடு போராடி அலுத்தவர்களே. மண்ணிலுள்ள கண் காணாத உயிர்களைப் பேணி விளைச்சல் காணும் குடியானவர், அவ்வுயிர்களையே ஒரு பீப்பாய் செங்கல் ஜல்லியில் பேணுவாரானால், வீட்டிலுள்ள ஆமையும் நலமாக வாழும். ஊர் ஏரியும் காவிரியும் கேடின்றி இருக்கும்.